அப்டேட்டுக்குப் பின் டச்பேட் நின்றுவிட்டால் செய்ய வேண்டியவை

கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு தொல்லை அடிக்கடி நேருகிறது. முந்தின நாள் இரவு வரை ஒழுங்காக ஓடிய லேப்டாப்பைக் காலையில் திறந்தால், ‘அப்டேட் முடிந்தது’ என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்கும். திரை வருகிறது, எழுத்து விழுகிறது, பேரேடு திறக்கிறது. ஆனால் விரலால் தேய்த்து அம்புக்குறியை நகர்த்துகிற டச்பேட் மட்டும் செத்துக் கிடக்கும். வாசலில் லோடு ஏற்றிய வண்டி பில்லுக்காக நிற்கும். ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், “ஃபார்மேட் போட வேண்டும், இரண்டு நாள் ஆகும்” என்பார்கள். அந்த இரண்டு நாளையும், அதைவிட முக்கியமாக அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கையும் காப்பாற்றிக்கொள்ளும் வழியை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலான நேரங்களில் இது அரைமணி வேலை. கடையிலேயே செய்துகொள்ளலாம்.

இந்தத் தொல்லை ஏன் சரியாக ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புகிற வாரத்திலேயே வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. விண்டோஸை விற்கும் மைக்ரோசாப்ட் நிறுவனம், 2003 அக்டோபர் முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று தன் பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறது. அவர்களுக்குக் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. நாம் கடை அடைத்துவிட்டுப் போன பிறகுதான் அது வந்து சேருகிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். காலண்டரைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நாம் ஜி.எஸ்.டி.ஆர்.-1 அனுப்ப வேண்டியது மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிறவர்களுக்கு 13-ஆம் தேதி. ஆக, அப்டேட்டும் கணக்கும் ஒரே வாரத்தில் மோதிக்கொள்வதில் மந்திரம் மாயம் எதுவும் இல்லை.

2025 அக்டோபர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 22 அன்றுதான் புதிய வரி விகிதங்கள் அமலுக்கு வந்திருந்தன. நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கும், சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் 18-லிருந்து 5-க்கும் இறங்கின. சரக்கு ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் விகிதத்தை மாற்றிக்கொண்டிருந்தோம். குறுவை அறுவடை ஒரு பக்கம், தீபாவளி வியாபாரம் ஒரு பக்கம். அக்டோபர் 14 இரண்டாவது செவ்வாய். அன்றோடு பழைய விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. அதே நாளில் விண்டோஸ் 11-க்கு வந்த, கே.பி. 5066835 என்ற எண்ணுள்ள அப்டேட்டில் ஒரு பிழை இருந்தது. கம்ப்யூட்டர் பழுதானால் சரிசெய்வதற்காக விண்டோஸே வைத்திருக்கும் ‘ரெக்கவரி’ அறைக்குள் போனால், யூ.எஸ்.பி. துவாரத்தில் சொருகிய மவுசும் கீபோர்டும் அங்கே வேலை செய்யவில்லை. வைத்தியசாலைக் கதவே பூட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று. மைக்ரோசாப்ட் அவசர அவசரமாக அக்டோபர் 20 அன்று திருத்தம் வெளியிட்டது. அன்றுதான் நமக்குத் தீபாவளி. ஜி.எஸ்.டி.ஆர்.-3பி அனுப்பக் கடைசி நாளும் அன்றுதான். கடைசி நேரத்தில் அரசு அதை 25-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்ததால் பலர் தப்பினார்கள்.

அப்டேட்டினால் பழுது வருவது நம் பெட்டிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பெரிய அப்டேட் சிலருடைய ஃபைல்களையே அழித்துவிட்டது. அதைத் திரும்பப் பெற்று, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள். 2024 ஜூலை 19, ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமையன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு தவறான அப்டேட்டினால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துக்கொண்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நம் பழைய பில் புத்தகத்தைக் கேலி செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டச்பேட் எப்படி வேலை செய்கிறது

இதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். டச்பேட்டின் மேல்பரப்புக்கு அடியில் நெடுக்கும் குறுக்குமாக வலைபோல் மெல்லிய மின்கோடுகள் ஓடுகின்றன. நம் விரல் அருகில் வரும்போது அந்த இடத்தில் மின்னேற்றம் கொஞ்சம் மாறுகிறது. எந்த இடத்தில் மாறியது என்று ஒரு சிறிய சில்லு கணக்கிட்டு உள்ளே சொல்கிறது. பாரத்தாலோ அழுத்தத்தாலோ அல்ல, விரலின் மின் தன்மையால் இது நடக்கிறது. எண்ணெய் டின்னைத் தொட்ட கை, வெல்லம் பிசுபிசுக்கிற கை, ஐப்பசி மழையில் நனைந்த கை இவற்றைக் கண்டு டச்பேட் குழம்புவது இதனால்தான். அப்டேட்டைத் திட்டும் முன் ஒரு உலர்ந்த துணியால் அதைத் துடைத்துப் பார்ப்பது நல்லது. மிளகாய்த் தூளும் தவிடும் பறக்கிற இடத்தில் இருக்கும் லேப்டாப்பிற்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

அந்தச் சில்லு பேசுகிற பாஷை விண்டோஸுக்குத் தெரியாது. நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷி வேண்டும். கும்பினியார் காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் நம் வியாபாரிக்கும் நடுவில் துபாஷி இருந்த மாதிரிதான். அந்தத் துபாஷிக்குத்தான் ‘டிரைவர்’ என்று பெயர். சினாப்டிக்ஸ், ஈலான், ஆல்ப்ஸ் என்று டச்பேட் செய்யும் நிறுவனங்கள் பல. ஒவ்வொருவரும் தனித்தனி டிரைவர் வைத்திருந்தார்கள். 2013-இல் விண்டோஸ் 8.1 வந்தபோது ‘பிரிசிஷன் டச்பேட்’ என்று ஒரு பொது முறை கொண்டு வரப்பட்டது. இப்போதைய லேப்டாப்புகள் பெரும்பாலும் அந்த முறைதான். பழையவற்றில் இன்னும் பழைய துபாஷிகளே இருக்கிறார்கள்.

அப்டேட் வரும்போது என்ன நடக்கிறது என்றால், சில சமயம் பொருத்தமான டிரைவரை எடுத்துவிட்டுப் பொதுவான ஒன்றை வைத்துவிடுகிறது. சில சமயம் டிரைவர் சரியாகவே இருக்கும், டச்பேட்டை ‘ஆஃப்’ செய்து வைத்துவிடும். சில சமயம் அப்டேட் பாதியில் இருக்கும்போதே நாம் மூடியைச் சாத்திவிடுகிறோம் அல்லது மின்சாரம் போய்விடுகிறது. இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நாலாவதாக ஒன்று உண்டு, அது அபாயமானது. பின்னால் சொல்கிறேன்.

முதலில் வியாபாரம் நிற்கக் கூடாது

பழுது பார்க்கும் முன் பில் போடுகிற வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரண ஒயர் மவுசைக் கல்லாப்பெட்டி மேஜை டிராயரில் எப்போதும் வைத்திருங்கள். சில நூறு ரூபாய்தான். சொருகியவுடன் வேலை செய்யும். அதுவும் கைவசம் இல்லையென்றால், டேலி வைத்திருப்பவர்கள் கவலைப்படவே தேவையில்லை. 1986-இல் ஆரம்பித்த அந்த நிறுவனத்தின் கணக்கு முறை, மவுஸ் என்பதே பழக்கத்துக்கு வராத காலத்தில் உருவானது. கீபோர்டை வைத்தே முழுவதையும் ஓட்டலாம். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 பணம் வந்தது, கன்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்தினால் பதிவு. நம் பழைய கணக்குப்பிள்ளைகள் மவுசைத் தொடாமல்தான் நாள் முழுவதும் எழுதுவார்கள். இப்போது வருகிற பையன்களுக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வலது பக்கம் எண் விசைகள் தனியாக உள்ள லேப்டாப் என்றால் இன்னொரு வழியும் உண்டு. இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கேள்வி வரும். என்டர் தட்டுங்கள். அதன் பிறகு அந்த எண் விசைகளே அம்பை நகர்த்தும்: 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது, 5 கிளிக். மாட்டு வண்டி வேகம்தான். ஆனாலும் போய்ச் சேரும்.

இப்போது பழுதுக்கு வருவோம். மேலிருந்து கீழாக, சுலபமானதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும். பலர் தலைகீழாகத் தொடங்கித்தான் அவதிப்படுகிறார்கள்.

கீபோர்டின் மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரை உள்ள விசைகளில் ஒன்றில் சிறிய சதுரமும், அதன் மேல் ஒரு கோடோ விரலோ படமாகப் போட்டிருக்கும். அது டச்பேட்டின் சுவிட்ச். தனியாகவோ, எஃப்.என். விசையோடு சேர்த்தோ ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எந்த எண் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில பழைய எச்.பி. லேப்டாப்புகளில் டச்பேட்டின் இடது மேல் மூலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும்; அதை இரண்டு முறை தட்டினால் அணையும், மறுபடி இரண்டு முறை தட்டினால் உயிர் பெறும். கடையில் துடைக்கிற பையன் கைபட்டு அணைந்துபோய், பழி அப்டேட் மேல் விழுவதும் உண்டு.

அது இல்லையென்றால், விண்டோஸ் சின்னம் போட்ட விசையைத் தட்டி, ஆங்கிலத்தில் டச்பேட் என்று எழுத்தைத் தட்டுங்கள். ‘டச்பேட் செட்டிங்ஸ்’ என்று வரும். என்டர். அங்கே ‘டச்பேட்’ என்பதற்கு நேரே ஆன், ஆஃப் இருக்கும். டேப் விசையால் அதன்மேல் போய், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மாறும். அதற்குக் கீழேயே, ‘மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேட்டை ஆனில் வைக்கவும்’ என்று பொருள்படும் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இல்லையென்றால், மவுஸ் சொருகியிருக்கும் வரை டச்பேட் தூங்கும். ஒயர் இல்லாத மவுஸ் உபயோகிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: மவுஸ் வீட்டில் கிடக்கும், அதன் கடுகளவு டாங்கிள் மட்டும் லேப்டாப்பின் பக்கவாட்டில் சொருகியபடியே இருக்கும். லேப்டாப் மவுஸ் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு டச்பேட்டை நிறுத்தி வைத்திருக்கும். டாங்கிளைப் பிடுங்கினால் தீர்ந்தது.

அடுத்தது ரீஸ்டார்ட். “நான்தான் தினமும் ஷட்டவுன் செய்கிறேனே” என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு உள்ளது. காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக, ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள் நிலையை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு படுக்கிறது. மறுநாள் அதே நிலையில் எழுகிறது. கோளாறும் கூடவே எழுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுவதும் கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். பாதியில் நின்ற அப்டேட்டும் அப்போதுதான் முடியும். அதற்கும் மசியவில்லையென்றால், லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, பிறகு தொடங்குங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, அந்தச் சில்லும் புதிதாக விழிக்கும். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட லேப்டாப்புகள் இந்த இடத்துக்குள் சரியாகிவிடுகின்றன.

துபாஷியை மாற்றுதல்

இவ்வளவும் செய்து பலனில்லை என்றால் டிரைவரைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்துத் தட்டி, பிறகு எம் தட்டினால் ‘டிவைஸ் மேனேஜர்’ திறக்கும். லேப்டாப்பிலுள்ள உறுப்புகளின் ஸ்டாக் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘மைஸ் அண்ட் அதர் பாயிண்டிங் டிவைசஸ்’, ‘ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்’ ஆகிய இரண்டு தலைப்புகளின் கீழ் டச்பேட் இருக்கும். வலது அம்பு விசையால் தலைப்பை விரித்துப் பாருங்கள். பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதுதான் நோயாளி.

அதன்மேல் நின்று என்டர் தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ‘டிரைவர்’ என்ற பக்கத்துக்குப் போனால் ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பட்டன் இருக்கும். புதிய துபாஷியை அனுப்பிவிட்டுப் பழையவனைத் திரும்ப அழைப்பது அதன் வேலை. அது மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம். அப்போது ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுங்கள். பயப்பட வேண்டாம், டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் மட்டும் முதல் தடவை டிக் போடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸே டச்பேட்டைப் புதிதாகக் கண்டுபிடித்து டிரைவரைப் பொருத்தும். அவசரத்தில் அதே பட்டியலில் உள்ள கீபோர்டை நீக்கிவிடாதீர்கள். மவுஸும் இல்லாமல் கீபோர்டும் இல்லாமல் உட்கார வேண்டி வரும்.

பட்டியலில் டச்பேட்டே காணவில்லை என்றால், ‘சிஸ்டம் டிவைசஸ்’ தலைப்பின் கீழ் ‘சீரியல் ஐ.ஓ. ஐ2சி’ என்ற சொற்கள் வரும் வரிகளைப் பாருங்கள். டச்பேட்டிலிருந்து உள்ளே போகும் பாதை அது. பாலம் உடைந்தால் வண்டி நன்றாக இருந்தும் ஊர் போய்ச் சேராது; அதுபோல அந்தப் பாதைக்கு டிரைவர் இல்லையென்றால் டச்பேட் பட்டியலிலேயே வராது. இரண்டுக்கும் சரியான டிரைவர் லேப்டாப் கம்பெனியின் சொந்த இணையதளத்தில்தான் கிடைக்கும். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் கொடுத்து எடுக்க வேண்டும். ‘இலவச டிரைவர் அப்டேட்டர்’ என்று வழியில் நின்று கூப்பிடும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கொள்முதல் செய்வோமா?

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறிய பிறகு பழுது ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல் எட்டாம் தலைமுறை, அதற்கு நிகரானவை முதலான பெட்டிகளைத்தான். தகுதியில்லாத பழைய லேப்டாப்பில் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுக்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த லேப்டாப்பின் கம்பெனி விண்டோஸ் 11-க்கென்று டச்பேட் டிரைவர் செய்தே இருக்காது. மாறி பத்து நாட்களுக்குள் என்றால், செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’, ‘கோ பேக்’ என்று போய்ப் பழையபடி திரும்பிவிடலாம். விண்டோஸ் 10-இலேயே இருப்பவர்களில், நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள்.

மாதாந்திர அப்டேட்தான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால், செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’, ‘அப்டேட் ஹிஸ்டரி’, அதன் அடியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்று போய், தேதி பார்த்து அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம். நீக்கியவுடனே அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஃபார்மேட் என்றால் என்ன தெரியுமா

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். டச்பேட் வேலை செய்யவில்லை என்பதற்காக லேப்டாப்பை ஃபார்மேட் செய்யச் சம்மதிக்காதீர்கள். ஃபார்மேட் என்றால் வட்டைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. கணக்கு ஃபைல்கள் பல கடைகளில் அதே சி டிரைவில்தான் கிடக்கின்றன. மூடியின் கொண்டி உடைந்ததற்காக அரிசிக் குதிரையே கொட்டிக் கவிழ்ப்பது போன்ற வேலை இது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு வருடத்தின் கணக்கை அதன் ஆண்டுக் கணக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருந்தாக வேண்டும். பின்னால் நோட்டீஸ் வந்தால், “ரிப்பேர்காரர் அழித்துவிட்டார்” என்பது அதிகாரியிடம் எடுபடாது. கடன் கொடுத்த பாக்கிப் பட்டியலும் அதில்தான் இருக்கிறது. கும்பகோணம் பக்கத்து மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு இப்படி மூன்று மாதப் பற்று வரவு போய், வாடிக்கையாளர்கள் சொன்னதையே கணக்காக எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. நாணயமானவர்கள் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் என்ன கேட்பது?

ஃபார்மேட் செய்தே தீர வேண்டிய நிலை வந்தால், கணக்கு ஃபைலை இரண்டு பென்டிரைவில் எடுத்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொண்ட பிறகு கொடுங்கள். டேலி லைசென்ஸ் அந்தப் பெட்டியோடு பிணைந்தது. முதலில் அதை ‘சரண்டர்’ செய்துவிட வேண்டும்.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. இப்போதைய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் வட்டு முழுவதும் தானாகவே ரகசியக் குறியீட்டில் எழுதப்படுகிறது. ‘பயாஸ்’ என்னும் அடிப்படை அமைப்பில் யாராவது கைவைத்தால், 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுக்கொண்டு லேப்டாப் நின்றுவிடும். அந்த எண் பெரும்பாலும் நீங்கள் லேப்டாப்பைத் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். விற்ற கடைக்காரரே தன் ஈமெயிலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால் எண் அவரிடம் இருக்கும், உங்களிடம் இராது. இன்றைக்கே பார்த்து, அந்த எண்ணைக் கையால் எழுதி, கடைப் பத்திரங்களோடு இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

உதவிக்கு ஆள் தேடி இணையத்தில் ‘லேப்டாப் ஹெல்ப்லைன்’ என்று போட்டால் வரும் நம்பர்களுக்குப் போன் செய்யாதீர்கள். “எனிடெஸ்க் போடுங்கள், நான் இங்கிருந்தே பார்க்கிறேன்” என்பார்கள். அது நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் எண்ணைச் சொல்லி, கேட்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டால் உங்கள் திரை அவர்கள் கையில். இந்த வகையில் வங்கிப் பணம் பறிபோவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

அபாயமான நாலாவது காரணம்

டச்பேட் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கிறதா, அழுத்தினால் ‘டிக்’ என்று அமுங்காமல் விறைப்பாக இருக்கிறதா, லேப்டாப் மேஜையில் படியாமல் ஆடுகிறதா, மூடி சரியாகச் சாத்தவில்லையா என்று பாருங்கள். பல லேப்டாப்புகளில் டச்பேட்டுக்கு நேர் கீழே பேட்டரி இருக்கிறது. பேட்டரி உப்பினால் டச்பேட்டைக் கீழிருந்து தள்ளும். அப்டேட் வந்த அன்றே அது நின்றதாகத் தோன்றினாலும், காரணம் இதுதான். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தித் தட்டைப்படுத்த முயலக் கூடாது, குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், சாக்கும் அட்டைப் பெட்டியும் எண்ணெயும் அடுக்கிய கடையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியை மாற்றினால் டச்பேட் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கம் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் தவித்தோம். அதனாலேயே பலரும் லேப்டாப்பை எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில், தகரக் கொட்டகையின் கீழ், நூறு சதவீத சார்ஜில் நாள் முழுவதும் இருப்பதுதான் பேட்டரிக்கு ஆகாது. லெனோவா, ஏசுஸ், டெல், எச்.பி. முதலிய கம்பெனிகளின் பல மாடல்களில், சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி உள்ளது. அதை ஒருமுறை போட்டுவிட்டால் போதும்.

அப்டேட்டை எப்போது வாங்கலாம்

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்டேட்டே வேண்டாம் என்று நிரந்தரமாக அடைத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது; ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அதற்கான மாற்று மருந்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே கொடுத்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள்.

நம் வசதிப்படி தேதி வைத்துக்கொள்வதுதான் சரி. செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் ‘பாஸ் அப்டேட்ஸ்’ என்று உண்டு. ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை தள்ளிப் போடலாம். மாதம் பிறந்து முதல் வாரத்திலேயே அதைப் போட்டுவிடுங்கள். 11-ஆம் தேதிக் கணக்கும் 20-ஆம் தேதிக் கணக்கும் போன பிறகு, 21-ஆம் தேதி வாக்கில் திறந்துவிட்டால் போதும். அதற்குள் உலகத்தில் யாருக்காவது கோளாறு வந்து, திருத்தமும் பெரும்பாலும் வந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3பி அனுப்புகிறவர்களுக்கு நம் மாநிலத்தில் 22-ஆம் தேதி, காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்குக் காலாண்டு முடிந்து அடுத்த மாதம் 18-ஆம் தேதி. அவரவர் அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். தவறினால் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி-க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத கணக்கானாலும் 20 ரூபாய், அதோடு கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

அப்டேட்டைத் திறந்துவிடும் நாள் சாயங்காலம், கணக்கு ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, சார்ஜரைச் சொருகி, மூடியைச் சாத்தாமல், முடியும் வரை பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, டச்பேட், பிரின்டர், ஸ்கேனர் மூன்றையும் தொட்டுப் பார்த்து, மாதிரிக்கு ஒரு பில் அடித்துக் கிழித்துவிட்டுக் கடை அடைக்கலாம். பில் பிரின்டருக்கும் இதே துபாஷித் தொல்லை உண்டு. அதற்கும் ரோல் பேக் முறையேதான்.